அகிம்சை வகுப்பில் நான் சொன்ன ஒரு வாக்கியம்

அந்தப் பனியன் கம்பெனிக்குள் நான் நுழைந்தபோது என்னைத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் என்று நினைத்துவிட்டார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை. கஞ்சி போட்டுத் தேய்த்த காட்டன் புடவை, தடித்த கருப்புச் சட்டம் போட்ட கண்ணாடி, கையில் தோல் பை, போதாக்குறைக்குப் பிறந்ததிலிருந்தே முகத்தில் குடியிருக்கும் கடுகடுப்பு. வாட்ச்மேன் பீடியைக் காலடியில் போட்டு மிதித்துவிட்டு எழுந்து நின்றார்.

“இன்ஸ்பெக்சனுங்களாம்மா?”

“இல்லீங்க. ஒரு பொண்ணைப் பாக்கணும்.”

அவர் நம்பவில்லை. உள்ளே ஓடினார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே மேனேஜர் வந்தார். நாற்காலி வந்தது. அதை இரண்டு தரம் துண்டால் தட்டினார்கள். ஸ்ட்ரா போட்ட கலர் பாட்டில் வந்தது. வெயில் அப்படி, நானும் வாங்கிக் குடித்தேன். பாதி குடித்த பிறகுதான், “நான் காலேஜ்ல பாடம் நடத்தறேனுங்க. ஞானசெல்வின்னு ஒரு பொண்ணு இங்க செக்கிங்ல இருக்கிறாளாமுங்க” என்றேன். மேனேஜர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கலர் பாட்டிலைப் பார்த்த பார்வை மட்டும் கொஞ்சம் மாறியது.

ஓவர்லாக் மிஷின்களின் இரைச்சலைத் தாண்டி என்னைக் கூட்டிப்போனார்கள். காற்றிலெல்லாம் பஞ்சுத் தூசி. மூன்று தும்மல் போட்டேன். கடைசியில் ஒரு நீள மேசை, அதற்கு மேல் வரிசையாக டியூப்லைட். மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பெண்கள் நின்று, தைத்து வந்த பனியன்களை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று பார்த்து, தொங்கும் நூல் பிசிறைச் சின்னக் கட்டரால் வெட்டிவிடுவதுதான் செக்கிங் வேலை.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி என் மாணவி ஞானசெல்வி. கணிதம், கடைசி வருடம். என்னைப் பார்த்தாள். கை மட்டும் நிற்கவில்லை.

வழியெல்லாம் பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வந்த பேச்சை நான் ஆரம்பித்தேன். “செல்வி, நீ இருக்க வேண்டிய இடமா இது? படிக்கிற பொண்ணு இங்க வந்து வீணாப் போகலாமா?”

பன்னிரண்டு தலைகளும் நிமிர்ந்தன. எனக்கு நேர் எதிரே நின்ற ஒரு அம்மா, பழனாத்தாள் என்று பேர், அந்த மேசைக்கே மூத்தவர், பனியனை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். குரலில் கோபமே இல்லை. உபசாரம் பண்ணுகிற மாதிரிதான் கேட்டார்.

“ஏனுங்க, அப்ப நாங்கெல்லாம் வீணாப் போனவீங்களுங்களா?”

என் வாழ்க்கையில் நான் வாங்கிய அடிகளிலேயே அதுதான் பெரியது. கன்னத்தில் விழவில்லை, அவ்வளவுதான். அந்த அடியை வாங்க நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

சுற்றறிக்கையும் என் குரலும்

போன வாரம் இதே பக்கத்தில் விடுதி உப்புமாவைப் பற்றி எழுதியதற்கு மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன. மூன்றிலும் ஒரே கேள்வி: “நீங்கள் மாணவிகளிடம் அவ்வளவு கடுமையாகவா இருந்தீர்கள்?” ஆமாம், இருந்தேன். அடித்ததில்லை. எங்கள் மடத்துக்குளத்து வீட்டிலேயே யாரும் யாரையும் அடித்ததில்லை. அதற்கு அவசியமும் ஏற்பட்டதில்லை. எங்கள் குடும்பத்துக்கு வாய் போதும்.

எண்பதுகளின் கடைசி என்று நினைவு. திருப்பூரில் தெருவுக்குத் தெரு கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். எங்கள் பெண்கள் கல்லூரிக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. வாரம் ஒரு மணி நேரம் ‘அன்றாட வாழ்வில் அகிம்சை’ என்று வகுப்பு நடத்த வேண்டும். பாடப்புத்தகம் கிடையாது, பரீட்சை கிடையாது. பரீட்சை இல்லாத பாடத்தை எடுக்க எந்த ஆசிரியை முன்வருவார்? எல்லோரும் கூரையைப் பார்த்தோம்.

பிரின்சிபால் அம்மா ரொம்ப மெதுவாகப் பேசுகிறவர். பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கேட்கும். அவர் என்னைப் பார்த்து, “வசந்தா, நீங்களே எடுத்துக்குங்க கண்ணு” என்றார்.

ஸ்டாஃப் ரூமில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. புலியிடம் புல்லுக்கட்டைக் கொடுத்த கதைதான்.

“நானுங்களா? ஏனுங்க மேடம்?”

“உங்க குரல்தான் கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்குது.”

அது காரணமா, குத்தலா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், கேட்கவும் வழியில்லை.

கொசு அடிக்கலாமா?

வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் மணி. நாற்பது பெண்கள். தயிர்சாதம் உள்ளே போன பிறகு அகிம்சை தானாகவே வந்துவிடும் என்று கணக்குப் போட்டு அந்த நேரத்தைக் கொடுத்திருப்பார்கள் போல.

முதல் இரண்டு வாரமும் கொசுவிலேயே போயிற்று. கொசுவை அடிப்பது இம்சையா, இல்லையா? “அது நம்மளக் கடிக்கறதுக்கு முன்னால அடிச்சாத்தானுங்க மேடம் இம்சை, கடிச்சப்புறம் அடிச்சா நியாயமுங்க” என்று ஒருத்தி. “கடிச்ச கொசுதான் அதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?” என்று இன்னொருத்தி. வக்கீலுக்குப் படிக்க வேண்டியவர்கள், கணிதத்துக்கு வந்துவிட்டார்கள்.

மூன்றாவது வாரம் ஒரு வேலை கொடுத்தேன். ஒரு வாரம் யாரையும் புண்படுத்தாமல் இருந்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதி வர வேண்டும். அந்தத் தாள்களை ரொம்ப வருடம் பத்திரமாக வைத்திருந்தேன். ஒருத்தி எழுதியிருந்தாள்: ‘தம்பியை ஒரு வாரமும் அடிக்கவில்லை. அவன் மூலனூர் மாமா வீட்டுக்குப் போயிருந்தான்.’ இன்னொருத்தி: ‘பஸ்ஸில் காலை மிதித்தவளை முறைத்தேன். ஆனால் அவள் பார்க்காதபோது முறைத்தேன்.’

ஞானசெல்வியின் தாளில் இரண்டே வரி. ‘இந்த வாரம் நான் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. பேச நேரம் இல்லை.’

அவள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பா இல்லை. அம்மா மரியபுஷ்பம் பனியன் கம்பெனியில் செக்கிங். செல்வியும் கல்லூரி விட்டதும் நேராக அங்கேயே போய் அரை ஷிப்டு பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் தெரியும். அவள் பின்னலில் பஞ்சு ஒட்டியிருப்பதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். கேட்டதுதான் இல்லை.

அந்த வாக்கியம்

அன்றைக்குப் பாடம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. ‘கை நீட்டாமல் இருப்பது மட்டும் அகிம்சை அல்ல’ என்று கரும்பலகையில் எழுதியிருந்தேன். சொல்லாலும் அடிக்க முடியும், கையால் அடித்தது ஆறிவிடும், சொல்லால் அடித்தது ஆறாது என்று குரலை ஏற்றி இறக்கிப் பேசிக்கொண்டிருந்தேன். எனக்கே என் பேச்சு பிடித்திருந்தது.

திரும்பினால் மூன்றாவது பெஞ்சில் செல்வி தூங்கிக்கொண்டிருக்கிறாள். தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, நல்ல தூக்கம்.

என் வாய் எனக்கு முன்னால் ஓடிவிட்டது.

“ஏம்மா ஞானசெல்வி, தூங்கறதுக்கு எதுக்குக் காலேஜ்? பனியன் கம்பெனிக்குப் போக வேண்டியதுதானே?”

வகுப்பே சிரித்தது. திருப்பூரில் எந்தப் பள்ளிக்கூடத்திலும், எந்தக் கல்லூரியிலும், எந்த வாத்தியாரும் நாளைக்கு நாலு தரம் சொல்லும் வாக்கியம் அது. கணக்கு வரலையா, பனியன் கம்பெனிக்குப் போ. கையெழுத்து சரியில்லையா, பனியன் கம்பெனிக்குப் போ. அதில் ஒரு தப்பு இருக்கிறது என்று யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கும்தான்.

செல்வி எழுந்து நின்றாள். சிரிப்பு அடங்கும் வரைக்கும் நின்றாள். பிறகு, “சரிங்க மேடம்” என்றாள். நோட்டை எடுத்தாள், டிபன் டப்பாவை எடுத்தாள், பையில் வைத்தாள், வாசல் வழியாகப் போய்விட்டாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கரும்பலகைப் பக்கம் திரும்பி, சொல்லால் அடிப்பதைப் பற்றிய பாடத்தைத் தொடர்ந்தேன். மணி அடிக்கும் வரைக்கும் நடத்தினேன். இதை எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அவளோடு எப்போதும் ஒட்டிக்கொண்டு திரியும் அமுதாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“செல்விக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?”

அமுதா என் முகத்தைப் பார்க்கவில்லை. “நல்லாத்தான் இருக்கறாளுங்க மேடம். கம்பெனிக்குப் போறா. முழு ஷிப்டு.”

“ஏன்?”

“நீங்கதானுங்க மேடம் போகச் சொன்னீங்க.”

பிரின்சிபால் அம்மா வருகைப் பதிவேட்டை விரித்துக் காட்டினார். இன்னும் ஆறு நாள் வராமல் போனால் அவளுக்கு ஹால் டிக்கெட் கிடையாது. கடைசி வருடப் பரீட்சை. இரண்டரை வருடம் தூக்கத்தோடு மல்லுக்கட்டிப் படித்தது எல்லாம் அந்த ஆறு நாளில் போய்விடும். “தபால் அனுப்பலாமுங்களா?” என்றார் அவர், வழக்கம்போல யாருக்கும் கேட்காத குரலில். எனக்கு நன்றாகக் கேட்டது.

“வேண்டாமுங்க மேடம். நானே போறேன்” என்றேன்.

பெரிய மனசோடு போகிறேன் என்ற நினைப்பு எனக்கு. ஆசிரியை மாணவியைத் தேடிப் போவதாவது! அந்த நினைப்போடுதான் கலர் குடித்தேன், அந்த நினைப்போடுதான் மேசை முன்னால் போய் நின்றேன்.

மாடு மேய்க்கிறவர் மகள்

பழனாத்தாள் அந்தக் கேள்வியைக் கேட்டதும் என் காதில் விழுந்தது வேறொரு குரல். பக்கத்து ஊரான கொமரலிங்கத்தில் நான் ஏழாவது படித்தபோது எங்களுக்கு ஒரு வாத்தியார் இருந்தார். தப்பாகப் பதில் சொன்னால், “நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு” என்பார். ஒரு நாள் பக்கத்துப் பெஞ்சுப் பையனிடம் அப்படிச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் அப்பாவுக்கு வேலை மாடு மேய்ப்பது. சொந்த மாடு நாலு, அடுத்தவர் மாடு பத்து. அன்றைக்கு நான் சோற்றுத் தூக்கை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன். மத்தியானம் அப்பா அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார். முண்டாசு, கையில் கோல், முழங்கால் வரை சேறு. நான் போய் வாங்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பியூனிடம் கொடுத்துவிட்டு அவர் போனார். அந்தச் சோற்றை நான் சாப்பிடவும் இல்லை.

அப்பா அதைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, என் கணவரிடம் கூட. இப்போது உங்களிடம் சொல்லியாயிற்று.

பிரிக்க வேண்டியவர்

செக்கிங் மேசைக்குத் திரும்புகிறேன். செல்விக்குப் பக்கத்தில் நின்ற மெலிந்த அம்மா, கட்டரை மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு மரப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். அவர்தான் மரியபுஷ்பம். இத்தனை வருடம் திருப்பூரில் இருந்தும் ஊர்ப் பேச்சு மாறவே இல்லை.

“இங்கன உக்காருங்க டீச்சரம்மா. நான் ஒண்ணு கேக்கட்டா?”

“கேளுங்க.”

“பிள்ள தூங்கினா ரெண்டு திட்டுத் திட்டுங்க. நாங்க வேண்டாங்கல. எங்க வேலய வச்சு எதுக்குப் பிள்ளையளப் பயங்காட்டுதிய?”

செல்வி அப்போதுதான் வாயைத் திறந்தாள். “தூங்குனதுக்குத் திட்டியிருந்தீங்கன்னா மறுநாளே வந்திருப்பேனுங்க மேடம். எங்கம்மா வேலையச் சொல்லித் திட்டுனீங்க. இப்பவும் அதையேதானுங்க சொல்றீங்க.”

நான் மரப்பெட்டியில் உட்கார்ந்தேன். அந்தப் பெண்கள் என்னை அதற்கு மேல் ஒன்றும் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. பதினோரு மணி டீ வந்தது. எனக்கும் ஒரு கிளாஸ் வைத்தார்கள். வடையில் பாதியைப் பிய்த்துக் காகிதத்தில் வைத்து நகர்த்தினார் பழனாத்தாள். கோபமாக இருக்கும் ஆளுக்குக்கூடச் சாப்பிடக் கொடுத்துவிட்டுத்தான் கோபப்படுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

டீ குடித்துக்கொண்டே அவர்கள் வேலையைப் பார்த்தேன். பழனாத்தாள் ஒரு பனியனை வெளிச்சத்தில் பிடித்தார். தோள்பட்டையில் தையல் கோணியிருந்தது. நீலச் சாக்பீஸால் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். பிறகு திரும்பி, மிஷினில் இருந்த நடுவயது டெய்லர் ஒருவரைக் கூப்பிட்டார்.

“தம்பி, உங்க பீஸுங்க. ஆல்டர்.”

அவர் எழுந்து வந்தார், வட்டத்தைப் பார்த்தார், வாங்கிக்கொண்டு போனார். முகம் சுளிக்கவில்லை. தன் இடத்தில் உட்கார்ந்து கோணல் தையலைப் பிரிக்க ஆரம்பித்தார்.

“அவர் தச்சதுன்னு எப்படிங்க தெரியும்?” என்று கேட்டேன்.

“கட்டுல நம்பரு இருக்குமுங்க. ஆரு தச்சாங்களோ அவங்ககிட்டயேதான் போவும். வேற ஆளு கை வெச்சா துணி கிழிஞ்சு போயிருமுங்க.”

“திட்ட மாட்டீங்களா?”

பழனாத்தாளுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. “எதுக்குங்க? தையல்தானுங்களே கோணியிருக்குது. அவரு என்ன பண்ணுவாரு, பிரிச்சுத் தெச்சாச் சரியாப் போகுது.”

பதினேழு வருடம் படித்து, பன்னிரண்டு வருடம் பாடம் நடத்தி, மூன்று மாதமாக அகிம்சை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த எனக்கு, திட்டாமல் ஒரு தப்பைச் சரிசெய்ய முடியும் என்பது அந்த மேசையில்தான் தெரிந்தது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. தெரிய வேண்டிய வயதில் தெரியவில்லையே என்ற வருத்தத்தில் சொல்கிறேன்.

எழுந்தேன். “செல்வி, நான் சொன்னது தப்பு. மன்னிச்சுக்கோ. நாளைக்கு வகுப்புக்கு வா” என்றேன்.

அவள் டெய்லர் பக்கம் ஒரு தரம் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “மொதல்ல இங்க சொல்லலீங்களே மேடம் நீங்க. க்ளாஸ்லதானுங்க சொன்னீங்க.”

அவ்வளவுதான். மறுபடியும் பனியனை எடுத்துக்கொண்டாள். நான் வாசல் வரைக்கும் போனபின் அவள் குரல் கேட்டது. “வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் மட்டும் வர்றேனுங்க மேடம். நீங்க என்ன சொல்றீங்கன்னு கேட்டுட்டு, படிக்க வர்றதப் பத்திச் சொல்றேன்.”

நாற்பது பேர்

அந்த இரண்டு நாளும் என்ன பேசுவது என்று தாளில் எழுதினேன், கிழித்தேன், எழுதினேன். ‘மனம் புண்பட்டிருந்தால்’ என்று ஒரு தாளில் எழுதியிருந்தேன். ‘இருந்தால்’ என்ன வேண்டிக் கிடக்கிறது? அதையும் கிழித்தேன். அவள் வராவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வேறு. ஆறு நாளில் இரண்டு நாள் போய்விட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை வகுப்புக்குள் நுழைந்தேன். செல்வி அவள் இடத்தில் உட்காரவில்லை, கதவோரம் நின்றிருந்தாள். கடைசி பெஞ்சில் மரியபுஷ்பமும் பழனாத்தாளும். அரை நாள் லீவு போட்டு, தலைக்குப் பூ வைத்து, கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் பிரின்சிபால் அம்மா. யார் சொல்லி வந்தார் என்று தெரியாது.

தாளை எடுக்கவில்லை. என் குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும்தானே.

“மூணு வாரத்துக்கு முன்னால இதே இடத்துல நின்னு செல்வியப் பாத்து ஒண்ணு சொன்னேன். தூங்கினவளத் திட்டல. அவ அம்மா செய்யற வேலையக் கேவலமா சொன்னேன். உங்கள்ல பல பேரோட அம்மா செய்யற வேலைய. முந்தாநாள் கம்பெனிக்கே போய், செல்வியக் கூட்டிட்டு வர்றேன்னு நெனச்சுட்டு மறுபடியும் அதையே சொன்னேன். நான் செஞ்சது தப்பு. செல்வி, என்ன மன்னிச்சிரு. அம்மா, நீங்களும் மன்னிக்கணுமுங்க.”

பிறகு அப்பாவையும் சோற்றுத் தூக்கையும் பற்றிச் சொல்லலாமென்று வாயெடுத்தேன். வேண்டாமென்று விட்டுவிட்டேன். அது நான் இரக்கம் சம்பாதிக்கிற வேலையாகப் போய்விடும்.

வகுப்பு திகைத்துப் போய் உட்கார்ந்திருந்தது. விரிவுரையாளர் மன்னிப்புக் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஒருத்தி கைதட்டப் போனாள், பக்கத்திலிருந்தவள் கையைப் பிடித்துவிட்டாள். “பாவமுங்க, போதும் விடுங்க” என்று கடைசி பெஞ்சிலிருந்து பழனாத்தாள் சொன்னது கேட்டது.

செல்வி கதவோரத்திலிருந்து நகரவில்லை. அவள் என்னைப் பார்க்கவும் இல்லை. பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்க தையல நீங்க பிரிச்சுட்டீங்க மேடம்” என்றாள். “சிரிச்சவங்க?”

நான் அதை யோசிக்கவே இல்லை. வகுப்பில் நாற்பது பேர், அவளைத் தவிர்த்தால் சிரித்தது முப்பத்தொன்பது. நான் பேச வாயெடுத்தபோது கடைசியில் பிரின்சிபால் அம்மா விரலை உதட்டில் வைத்தார்.

மூன்றாவது பெஞ்சில் அமுதா எழுந்தாள். செல்வியின் உயிர்த் தோழி அமுதா. பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

“நானும் சிரிச்சேன் செல்வி” என்றாள். “எங்கம்மாவும் கம்பெனிதான். இங்க யாருக்கும் தெரியாது. எங்கம்மா டீச்சருன்னு சொல்லி வெச்சிருக்கேன். சிரிக்காம இருந்தா கண்டுபுடிச்சிருவாங்கன்னு சிரிச்சேன்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

செல்வி போனாள். அமுதாவை லேசாகத் தள்ளி இடம் பண்ணிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். பையிலிருந்து நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். எனக்கு அப்போது கண் கலங்கியது உண்மை. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற மாதிரி சமாளித்தேன்.

அன்றைக்கு மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வைக்கவும் நான் முயலவில்லை. ஆனால் மணி அடித்த பிறகு யாரும் உடனே ஓடவில்லை. மூன்றாவது பெஞ்சைச் சுற்றிப் பெண்கள் கூடியிருந்தார்கள், குசுகுசுவென்று பேச்சு, நடுவில் ஒரு சிரிப்பு. இந்தத் தடவை செல்வியும் சிரித்தாள்.

வெளியே போகும்போது என்னிடம் வந்து நின்றாள். “திங்கக்கெழம வர்றேனுங்க மேடம்.”

“வா.”

“கம்பெனிக்கும் போவேனுங்க. தூக்கம் வந்தா தூங்குவேன்.”

“தூங்கு. நோட்ஸ் நான் தர்றேன்” என்றேன். அகிம்சை என்றால் ஒழுங்கு கெட்டுப் போக வேண்டுமா என்று பின்னால் ஸ்டாஃப் ரூமில் கேட்டார்கள். கேட்கட்டும். ஹால் டிக்கெட் வந்தது, பரீட்சை எழுதினாள், பாஸ் பண்ணினாள். எனக்கு அது போதும்.

மரியபுஷ்பம் கடைசியாக வந்தார். நான் மறுபடியும் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன், மன்னிப்பா, நன்றியா, நினைவில்லை. அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் கண் என் முந்தானை ஓரத்தில் இருந்தது.

“பிசிறு தொங்குது டீச்சரம்மா” என்றார்.

இடுப்பிலிருந்து சின்னக் கட்டரை எடுத்தார். ஒரு கையால் என் முந்தானையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார்.

“அசையாம நில்லுங்க.”

நாற்பது பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, நான் அசையாமல் நின்றேன்.